இரண்டாவது கேட்சர் தேவை

கீழ்க்கண்ட உத்தியோகத்துக்கு ஆள் தேவை.

வருஷத்துக்கு 162 ஆட்டம். அதில் நீங்கள் ஆடப் போவது நாற்பதோ, ஐம்பதோ. மற்ற நாட்களில் ஓரமாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். ஆடுகிற நாட்களில் மூன்று மணி நேரம் குந்தி குந்தி எழ வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். அது தவறிப் போய் விரலிலோ, தொடையிலோ, வெளியே சொல்ல முடியாத இடத்திலோ பட்டால் கத்தக் கூடாது. பேட்டிங் தெரிந்தால் சந்தோஷம், தெரியாவிட்டாலும் பாதகமில்லை. முக்கியத் தகுதி: உங்களைவிட நன்றாக ஆடுகிற ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். அவர் மேல் பொறாமை கூடவே கூடாது.

சம்பளம்: 2026 கணக்குப்படி குறைந்தபட்சம் வருஷத்துக்கு 7,80,000 டாலர்.

கடைசி வரியைப் படித்ததும் பயோடேட்டாவைத் தேடுகிறீர்களா? பொறுங்கள் சார். உலகத்திலேயே இந்த வேலைக்கு முப்பது, முப்பத்தைந்து இடம்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அணிக்கு ஒரு இரண்டாவது கேட்சர். ரொம்பத் தாராளமான அணியாக இருந்தால் மூன்றாவதாக ஒருவர்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு குட்டி விளக்கம். பிட்சர் பந்து எறிவார். பேட்டர் அடிப்பார். அல்லது அடிக்கப் பார்ப்பார். பேட்டருக்குப் பின்னால் முகமூடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு தேர்த்திருவிழா பூதம் மாதிரி ஒருவர் குந்தியிருப்பார். அவர்தான் கேட்சர். நம்ம விக்கெட் கீப்பருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிகாரம் ஜாஸ்தி. அடுத்த பந்து வேகமாக வரட்டுமா, வளைந்து வரட்டுமா, உள்ளேயா வெளியேயா என்று பிட்சருக்கு யோசனை சொல்வது இவர்தான். எதிரணியின் ஒவ்வொரு பேட்டருக்கும் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கவச சாமான்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'மடமையின் கருவிகள்'. புத்தியுள்ளவன் இந்த வேலைக்கு வருவானா என்ற அர்த்தத்தில்! இத்தனைக்கும் அப்படிப் பெயர் வைத்தவர் என்று சொல்லப்படும் மடி ரூயல் ஒரு கேட்சர், வக்கீலுக்கும் படித்தவர்.

இந்த உத்தியோகத்தை ஒரே ஆள் வருஷம் முழுக்கப் பார்க்க முடியாது. முழங்கால் தாங்காது. 1968-ல் சிகாகோ கப்ஸ் அணியின் ரேண்டி ஹன்ட்லி 160 ஆட்டங்களில் கேட்சராக நின்றார் - மன்னிக்கவும், குந்தினார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. முறியடிக்க யாரும் ஆசைப்படவும் இல்லை. இப்போதெல்லாம் முதல் கேட்சர் 110, 120 ஆட்டம் ஆடினாலே பெரிய விஷயம். சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அடுத்த ஆட்டம் என்றால், ஞாயிற்றுக்கிழமை நம்ம இரண்டாமவருக்கு.

சரி, அந்த இரண்டாமவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எனக்கு இந்த விஷயத்தில்தான் ருசி தட்டியது. நான் பி.காம். சரக்கு இருப்பு, தேய்மானம், எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கீடு என்றெல்லாம் படித்தவனுக்கு, இது விளையாட்டாகவே தெரியவில்லை. சுத்தமான காஸ்ட் அக்கவுன்ட்டிங்!

அணியில் 26 பேருக்குத்தான் இடம். அதில் 13 பேர் வரை பிட்சர்கள். மிச்சம் 13. களத்தில் பிட்சர் போக எட்டுப் பேர், பேட்டிங்குக்கு மட்டும் ஒருவர் என்று ஒன்பது போனால், பெஞ்சில் நாலே நாலு நாற்காலி. அந்த நாலில் ஒன்று இரண்டாவது கேட்சருக்கு. மற்ற மூன்று பேரை ஓட, அடிக்க, எந்த இடத்திலும் நிற்க என்று எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இவரை மட்டும் தொடவே மேனேஜர் பயப்படுவார். ஆறாவது கட்டத்தில் இவரை பேட்டிங்குக்கு இறக்கிவிட்டு, எட்டாவதில் முதல் கேட்சர் விரலை உடைத்துக்கொண்டால்? கேட்சரே இல்லை! ஆகவே அவசியம் வரும் வரை பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மனிதர் இவர். சினிமா தியேட்டரில் சிவப்புப் பெயின்ட் அடித்த மணல் வாளி தொங்குமே, அது மாதிரி. யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது.

பிப்ரவரி மாதம் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம் தொடங்கும். முதலில் வந்து சேருகிறவர்கள் பிட்சர்களும் கேட்சர்களும். அத்தனை பிட்சர்கள் எறிவதைப் பிடிக்க ஆள் வேண்டாமா? அதனால் அரை டஜனுக்கு மேல் கேட்சர்களை அழைத்திருப்பார்கள். பாதிப் பேருக்கு, தான் அணியில் சேரப் போவதில்லை என்று வரும்போதே தெரியும். கல்யாண வீட்டில் பரிமாற வந்த மாதிரி. மார்ச் கடைசியில் மேனேஜர் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். கதவு சாத்தப்படும். திரும்பி வருகிற முகத்தைப் பார்த்தால் போதும், ரிசல்ட் தெரிந்துவிடும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 2023-ல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே உள்ள ட்ரிபிள்-ஏ ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் 35,800. ஒரு படிதான். இருபது மடங்கு! தவிர, மேஜர் லீகில் மொத்தம் 43 நாள் இருந்துவிட்டால் வயசான காலத்தில் பென்ஷனுக்குத் தகுதி. 42 நாள் என்றால் கிடையாது. பத்து வருஷம் சின்ன ஊர்களில் பஸ்ஸில் அலைந்து ஆடியவருக்கு அந்த ஒரு நாள் எப்படிப்பட்டது என்று நம் போன்ற பி.எஃப். கணக்குப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யாரை எடுப்பது?

முதல் விதி: பேட்டைப் பார்க்காதே, கையுறையைப் பார். பந்தை நழுவ விடாதவரா? பிட்சர் இவரை நம்புகிறாரா? பிட்சர்கள் புதுமாப்பிள்ளை மாதிரி. எதற்கு முறுக்கிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. அட்லாண்டா ப்ரேவ்ஸ் அணியில் க்ரெக் மேடக்ஸ் என்ற மகா பிட்சர் இருந்தார். முதல் கேட்சர் ஹாவி லோபெஸ் அட்டகாசமாக அடிப்பவர். ஆனால் மேடக்ஸ் எறிகிற நாட்களில் இரண்டாவது கேட்சர் எடி பெரெஸ்தான் பெரும்பாலும் குந்துவார். 1999-ல் லோபெஸுக்கு முழங்கால் போயிற்று. முழுப் பொறுப்பும் பெரெஸ் தலையில். நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமோ? எடி பெரெஸ். மணல் வாளி தீயை அணைத்துவிட்டது!

பிட்சருக்கு ஒத்துப்போகிற கேட்சரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? பாஸ்டன் ரெட் சாக்ஸைக் கேளுங்கள். அவர்களிடம் டிம் வேக்ஃபீல்ட் என்று ஒரு பிட்சர். அவர் எறிவது நக்கிள்பால். பந்து சுழலாது; குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி ஆடி ஆடி வரும். எங்கே திரும்பும் என்று எறிந்தவருக்கே தெரியாது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர் டக் மிராபெல்லி, இரண்டாவது கேட்சர். 2005 டிசம்பரில் அவரை சான் டியாகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு இரண்டாவது கேட்சர் போனால் என்ன, ஊரில் ஆளா இல்லை?

அடுத்த வருஷம் ஜாஷ் பார்ட் என்பவர் வந்தார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ஏப்ரல் ஒரு மாதத்துக்குள் 10 பந்துகள் கையை விட்டு நழுவிவிட்டன. பாஸ்டன் பதறிப் போயிற்று. 2006 மே 1-ஆம் தேதி, பார்ட்டையும் க்ளா மெரெடித் என்ற இளம் பிட்சரையும் சான் டியாகோவுக்குக் கொடுத்து, மிராபெல்லியைத் திரும்ப வாங்கினார்கள். அன்று ராத்திரியே நியூயார்க் யாங்கீஸுடன் ஆட்டம். எறியப் போவது வேக்ஃபீல்ட்! மிராபெல்லியை விமானத்தில் ஏற்றி, விமான நிலையத்திலிருந்து போலீஸ் வண்டியில் சைரன் அலற அழைத்து வந்தார்கள். மனுஷன் காருக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கச் சில நிமிஷம் இருக்கும்போது மைதானத்தில் குதித்தார். பாஸ்டன் 7-3 என்று ஜெயித்தது. மந்திரிக்குக் கிடைக்கிற மரியாதை, ஒரு இரண்டாவது கேட்சருக்கு!

ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வரவு செலவு போட்டுப் பார்த்தேன். சான் டியாகோ போன பார்ட் அந்த வருஷம் 338 அடித்தார். ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கு. 300 தாண்டினாலே ஊர் கொண்டாடும். மெரெடித்தும் அங்கே பிரமாதப்படுத்தினார். மிராபெல்லியோ 200-ஐக்கூடத் தொடவில்லை. கடைசிக் கட்டத் தொடருக்கு பாஸ்டன் தகுதியே பெறவில்லை. விட்டுக்கொடுக்கும்போது அவர் விலை தெரியவில்லை. திரும்ப வாங்கும்போது இரட்டை விலை. நம் ஆபீஸ்களிலும் நடப்பதுதான். ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளை வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு கன்சல்டன்ட் என்று கூப்பிடுவார்களே, அது.

இன்னொரு விதி கொஞ்சம் கசப்பானது. ஒரு ஆட்டக்காரரை மூன்று சீசன்களுக்கு மட்டும் அணி தன் இஷ்டத்துக்குக் கீழே அனுப்பலாம், மேலே கூப்பிடலாம். அந்த மூன்று தீர்ந்துவிட்டால், கீழே அனுப்புவதற்கு முன் மற்ற 29 அணிகளும் 'எங்களுக்குக் கொடு' என்று கேட்க வாய்ப்புத் தர வேண்டும். இதனால் என்ன ஆகிறது? முகாமில் இரண்டு கேட்சர்கள். ஒருவர் கொஞ்சம் கெட்டி. ஆனால் அவரைக் கீழே அனுப்ப இன்னும் வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. மற்றவர் சுமார்; வாய்ப்பு தீர்ந்துவிட்டது. சுமாருக்கு நாற்காலி, கெட்டிக்கு பஸ் டிக்கெட்! இரண்டு பேரையும் கைவசம் வைத்துக்கொள்ள வேறு வழியில்லை. திறமைக்கு மேலே ஒரு சர்வீஸ் ரூல் உட்கார்ந்திருப்பது நம்மூர் அரசாங்க ஆபீஸில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னது என்று கேட்பீர்கள். 2023 கோடையில் அக்கா வீட்டுக்கு மில்வாக்கி போயிருந்தேன். குருநாதர், அக்கா பையன். வயசு பதினொன்று. முதல் நாளே என்னிடம் ரகசியக் குரலில், "மாமா, நான் எங்க டீம்ல கேட்சர்" என்றான். அக்கா உள்ளேயிருந்து, "பேக்கப் கேட்சர்னு சொல்லுடா!" என்றாள். பையன் முகம் சுருங்கிவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. பி.காம். முடித்து நான் சேர்ந்த முதல் ஆபீஸில் எனக்கென்று மேஜை கிடையாது. யார் லீவோ அவர் சீட்டில் உட்கார வேண்டும். திங்கட்கிழமை கேஷ், செவ்வாய் டெஸ்பாட்ச், புதன் லெட்ஜர். இழுப்பறையைத் திறந்தால் யாரோ ஒருவரின் முருகன் படம், யாரோ ஒருவரின் ஜெலுசில். ஹெட்கிளார்க்காக ரிட்டயர் ஆன அப்பா, ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "உனக்குன்னு ஒரு சீட் எப்பப்பா?"

அதை விட்டு எழுத வந்தேன். இங்கேயும் அதே கதை. வழக்கமாக எழுதுகிற பெரியவருக்கு ஜுரம் என்றால் வியாழக்கிழமை சாயங்காலம் போன் வரும். "சார், ரெண்டு பக்கம் காலியா இருக்கு. காலையில கிடைக்குமா?" கிடைக்கும். எப்போதும் கிடைக்கும். அதற்காகவே நாலு கட்டுரை தயாராக வைத்திருப்பேன். பெரியவருக்கு ஜுரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதில்லை. வந்தால் வருத்தப்பட்டதும் இல்லை!

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்களை மில்வாக்கி ப்ரூவர்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போனார். பையன் என் கையைப் பிடித்து மேலே, மேலே, உச்சாணிக்கு இழுத்துப் போனான். மேல்தளத்தின் கடைசி வரிசை. அங்கே ஒரு வெண்கல மனிதர் ஜாலியாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து சீட் காலி. அதில் உட்கார்ந்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

"இவர்தான் மாமா பாப் யூக்கர். பேக்கப் கேட்சர்."

யூக்கர் அதே ஊரில் பிறந்தவர். 1962 முதல் 1967 வரை ஆறு சீசன் ஆடினார். பேட்டிங் சராசரி மிகச் சரியாக 200. மொத்தமே 14 ஹோம் ரன். அதில் ஒன்று சாண்டி கோஃபாக்ஸ் என்ற மாமேதையின் பந்தில். 'என்னால் அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்' என்கிற பாணியில் பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். நக்கிள்பாலைப் பிடிக்கச் சிறந்த வழி, அது உருண்டு நிற்கும் வரை காத்திருந்து குனிந்து எடுப்பதுதான் என்பதும் அவர் சித்தாந்தம். சும்மா சொல்லவில்லை. 1967-ல் ஃபில் நீக்ரோவின் நக்கிள்பாலுக்குக் குந்தி, லீகிலேயே அதிகப் பந்துகளைக் கோட்டைவிட்டவர் இவர்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து, சக ஆட்டக்காரர்களைச் சிரிக்க வைத்து வைத்து, அதுவே தொழிலாகிவிட்டது. 1971-ல் ப்ரூவர்ஸின் ரேடியோ வர்ணனையாளர் ஆனார். 2024 வரை 54 சீசன்! 2003-ல் ஹால் ஆஃப் ஃபேமின் வர்ணனையாளர் விருது. மைதானத்துக்கு வெளியே ஒரு சிலை, உள்ளே கடைசி வரிசையில் இன்னொன்று. 2025 ஜனவரியில், 90 வயதில் காலமானபோது ஊரே அழுததாக அக்கா போனில் சொன்னாள்.

வெண்கல யூக்கர் பக்கத்தில் பையனை உட்கார வைத்துப் போட்டோ எடுத்தேன். சென்னை வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். "யாருப்பா அது?" "லீவ் வேகன்ஸிக்கு வந்தவர்ப்பா. அவருக்குன்னு ஒரு சீட் போட்டுக் கொடுத்திருக்காங்க. ரெண்டு சிலையும் வெச்சிருக்காங்க." அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சீட்டைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

எல்லா இரண்டாமவருக்கும் சிலை கிடைக்காது என்பதும் உண்மை. சிலருக்கு ஒரே ஒரு ராத்திரி கிடைக்கும். டேவிட் ராஸ் அப்படி. சிகாகோ கப்ஸில் ஜான் லெஸ்டர் என்ற பிட்சருக்கென்றே வைத்திருந்த கேட்சர். 2016 நவம்பர் 2, உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். கப்ஸ் கோப்பையைப் பார்த்து 108 வருஷம். பாதி ஆட்டத்தில் லெஸ்டர் வர, கூடவே ராஸும் வந்தார். வந்தவுடனே ஒரு எறிதல் தவறு. அடுத்து ஒரு பந்து தரையில் குத்தி எகிற, ராஸ் தடுமாறி விழ, எதிரணிக்கு இரண்டு ரன். தலையில் கைவைக்க வேண்டிய நேரம். அடுத்த கட்டத்திலேயே பேட்டிங்குக்கு வந்து, அப்போது யாருமே தொட பயந்த ஆண்ட்ரூ மில்லரின் பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பினார். வயது 39! பத்துக் கட்டம் போய் 8-7 என்று கப்ஸ் ஜெயித்தது. ராஸை சகாக்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுதான் அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

இனி, என்னை ஒரு அணியின் மேனேஜர் நாற்காலியில் ஒரு நாள் உட்கார வைத்தால், முகாமின் கடைசி நாள் யாரை எடுப்பேன்?

வாசலில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவன் 23 வயசுப் பையன்; வருங்கால நட்சத்திரம். மற்றவர் 35 வயது. முழங்காலில் ஆபரேஷன் தழும்பு, பேட்டிங் 210. ரசிகர்கள் எல்லோரும் பையன் கட்சி.

நான் பெரியவரைத்தான் எடுப்பேன். பையன்மேல் கோபமா? இல்லை சார், அக்கறை. அவனை இங்கே வைத்தால் 110 நாள் விதை கொறிப்பான். வளர்கிற வயசில் பெஞ்சில் உட்கார்ந்தால் துருப்பிடிக்கும். ட்ரிபிள்-ஏ-வுக்கு அனுப்பினால் வாரத்தில் ஐந்து நாள் ஆடலாம். சம்பளம் குறைவு, அவன் முகம் சுருங்கும், கதவை அறைந்துவிட்டுப் போவான். போகட்டும். முதல் நாற்காலிக்குத் தயாராகிறவனை இரண்டாவது நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவனுக்குச் செய்கிற துரோகம்.

பெரியவரை உள்ளே கூப்பிட்டு ஒரு விஷயத்தை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். "முதல் கேட்சருக்கு நாளைக்கே கை உடைந்து மூணு மாசம் வரமாட்டார்னு வைங்க. அப்பவும் அந்த இடம் உங்களுக்கு இல்லை. அந்தப் பையனைத்தான் கூப்பிடுவோம். நீங்க அப்பவும் ரெண்டாவதுதான். அவனுக்கு பிட்சருங்க குணத்தையெல்லாம் நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். சம்மதமா?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டம் எனக்குத்தானே?" என்று கேட்டால் போதும்.

ஆள் கிடைத்தாயிற்று.